உள்வலையில் 11.x முகவரி: பாக்கெட் அமெரிக்க ராணுவத்துக்கா போகிறது?

இரவுப்பணி (கேள்வி)

வணக்கம். ஒரு தனியார் நிறுவனத்தில் நெட்வொர்க் கண்காணிப்பு வேலை, பெரும்பாலும் ராத்திரி ஷிஃப்ட். ஒரு வாரமாகத் தலையைக் குடையும் விஷயம் இது.

எங்கள் பழைய பிரிவு ஒன்றின் உள்வலைக்கு 11.20.0.0/16 (11.20 என்று தொடங்கும் எண்கள் எல்லாம்) என்று முகவரி போட்டிருக்கிறார்கள். நான் சேர்வதற்கு முன்பே செய்தது. இரண்டு அலுவலகங்களை இணைத்தபோது இரண்டு பக்கமும் உள்வலைகளுக்கென்றே உள்ள ஒரே 10.x முகவரிகள் இருந்து மோதியிருக்கின்றன. சரி, பக்கத்து எண்ணை எடுப்போம் என்று எடுத்துவிட்டார்கள். "அது அமெரிக்க ராணுவத்தின் எண். இணையத்தில் எங்கேயும் தெரியாது. நமக்கு எந்தத் தொந்தரவும் வராது" என்று அந்தக் காலக் கோப்பில் எழுதியே வைத்திருக்கிறார்கள்.

பில்லிங் சர்வர் இந்த 11.20-க்குள் இருக்கிறது. கடைகள் விபிஎன் டன்னல் (இணையத்துக்குள் போட்ட மூடிய தனி வழி) வழியாக அதை அடைகின்றன. டன்னல் அறுந்தால் கடையில் உள்ள லினக்ஸ் பெட்டி உடனே மாற்று சர்வருக்குத் தாவ வேண்டும். 2019-இல் ஒருமுறை அறுந்தபோது ஒரு விநாடிகூட ஆகாமல் தாவியதாகக் குறிப்பு இருக்கிறது. போன வாரம் அறுந்தபோது ஒவ்வொரு முயற்சியும் 127 விநாடி நின்றது. கவுண்டரில் கூட்டம் சேர்ந்துவிட்டது.

பாக்கெட் (வலையில் போகும் தரவுத் துண்டு) பிடித்துப் பார்த்தேன். டன்னல் இல்லாததால் பாக்கெட் டீஃபால்ட் ரூட்டை (வேறு வழி தெரியாதபோது எடுக்கும் வழி) பிடித்து இணைய இணைப்பு வழியாக வெளியே போகிறது. அது எனக்குப் புரிகிறது. ஆனால் 2019-இல் சேவை நிறுவனத்தின் ரூட்டர் "வலை எட்டவில்லை" என்று உடனே திருப்பி அனுப்பியிருக்கிறது. இப்போது திருப்பவில்லை. பாக்கெட் நாடு தாண்டி எங்கோ போகிறது. பதிலும் இல்லை, மறுப்பும் இல்லை.

இதைத் தேடப் போய், மில்நெட், மெயில்பிரிட்ஜ் என்றெல்லாம் பேசும் ஒரு பழைய ஆவணம் கண்ணில் பட்டது. "ஒரு திசையில் வலையை அறிவித்தால் போக்குவரத்து எதிர்த்திசையில் வரும்" என்ற பொருளில் ஒரு வரி இருந்தது. பாதிக்கு மேல் விளங்கவில்லை. என் பிரச்சினைக்கும் அதற்கும் சம்பந்தம் உண்டா? 2019-க்கும் இப்போதைக்கும் நடுவில் என்ன மாறியது?

---

எல்லை_ரூட்டர்

மாறிய நாளைச் சொல்லிவிடலாம்: 2021 ஜனவரி 20.

அதுவரை 11.0.0.0/8 (11 என்று தொடங்கும் எண்கள்) முழுவதும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பெயரில் பதிவாகி இருந்தது, ஆனால் உலக பிஜிபி அட்டவணையில் (எந்த முகவரிக்கு யார் வழியாகப் போவது என்று வலைகள் ஒன்றுக்கொன்று அறிவிக்கும் பட்டியல்) கிடையாது. அன்று, அங்கே ஆட்சி மாறும் நண்பகலுக்குச் சில நிமிடங்கள் முன்பு, ஏஎஸ் 8003 என்ற எண்ணிலிருந்து அது அறிவிக்கப்பட்டது (ஏஎஸ் என்பது ஒரே நிர்வாகத்தில் உள்ள வலை). அந்த ஏஎஸ் ஃபுளோரிடாவில் பதிவான, யாரும் கேள்விப்படாத ஒரு நிறுவனத்தின் பெயரில் இருந்தது. அடுத்த மூன்று மாதத்தில் பாதுகாப்புத் துறையின் மற்ற தொகுதிகளும் சேர்ந்து ஏறக்குறைய 17.5 கோடி முகவரிகள் ஆயின. கென்டிக் நிறுவனத்தின் டக் மடோரி இதை விரிவாக எழுதினார். தங்கள் முகவரிகளை மற்றவர்கள் அனுமதியில்லாமல் பயன்படுத்துவதைக் கண்டறிந்து தடுப்பதற்கான முன்னோட்டம் என்று பென்டகன் விளக்கம் சொன்னது. 2021 செப்டம்பர் 7 அன்று அந்த அறிவிப்புகளை ஏஎஸ் 749-க்கு மாற்றினார்கள். அது பாதுகாப்புத் துறையின் சொந்த எண்.

அதனால்தான் 2019-இல் உங்கள் சேவை நிறுவனத்திடம் 11-க்கு ரூட் இல்லை, உடனே மறுத்தது. இப்போது ரூட் இருக்கிறது, பாக்கெட்டை அனுப்பிவிடுகிறது. மறுமுனையில் பதில் சொல்ல யாரும் இல்லை. லினக்ஸ் ஆறு முறை திரும்ப முயன்றுவிட்டுத்தான் கைவிடும். அந்தக் கணக்குதான் 127 விநாடி.

உடனடி மருந்து: கடை ரூட்டரில் 11.20.0.0/16-க்கு முன்னுரிமை குறைந்த ஒரு நல் ரூட் (பாக்கெட்டை எங்கும் அனுப்பாமல் வீசிவிடும் வழி) போடுங்கள். டன்னல் இருக்கும்போது டன்னல் ரூட் ஜெயிக்கும். அறுந்தால் பாக்கெட் அங்கேயே செத்துவிடும், வெளியே போகாது. நிரந்தர மருந்து, முகவரியை மாற்றுவது.

---

பழைய_வயர்

தம்பி, நீங்கள் பார்த்தது ஆர்எஃப்சி (இணையத் தொழில்நுட்ப ஆவண வரிசை) 1133 என்று நினைக்கிறேன். 1989 நவம்பரில் மெரிட்டைச் சேர்ந்த ஜெசிகா யூவும் ஹான்ஸ் வெர்னர் பிரவுனும் எழுதியது. என்எஸ்எஃப்நெட்டுக்கும் (அமெரிக்கப் பல்கலைக்கழகங்களை இணைத்த வலை) ராணுவ வலைக்கும் நடுவே ரூட்டிங் எப்படி நடக்கிறது என்பதை விவரிக்கும். உங்கள் 127 விநாடிக்கான காரணம் அந்த ஒரு வரியில் இருக்கிறது. அந்தக் காலத்தில் நான் அமெரிக்காவின் கிழக்குக் கரையில் ஒரு பல்கலைக்கழகத்தில் மேற்படிப்பு மாணவன். கணினி மையத்தில் பகுதி நேர வேலை. அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் வாசல்களைப் பற்றி. இணையத்தின் முன்னோடியான அர்பாநெட் 1983 வரை ஒரே வலை. அந்த ஆண்டு ஜனவரி 1 அன்று இன்றைய இணையத்தின் நெறிமுறையான டிசிபி/ஐபிக்கு மாறினார்கள். அக்டோபரில் அதை இரண்டாகப் பிரித்தார்கள். மொத்தம் 113 கணுக்கள். அதில் 68 ராணுவப் பயன்பாட்டுக்காக மில்நெட் ஆயின, 45 ஆராய்ச்சிக்காக அர்பாநெட்டிலேயே தங்கின. அர்பாநெட்டின் வலை எண் 10. மில்நெட்டுடையது 26. ஆனால் ராணுவ ஆய்வுக்கூடத்தில் இருப்பவருக்கும் பல்கலைக்கழகத்தில் இருப்பவருக்கும் தினமும் வேலை உண்டு. முழுக்க அறுத்துவிட முடியாது. அதனால் நடுவில் சில கேட்வேகளை (இரண்டு வலைகளை இணைக்கும் கணினிகள்) வைத்தார்கள். அவற்றுக்குத்தான் மெயில்பிரிட்ஜ் என்று பெயர். நெருக்கடி வந்தால் மின்னஞ்சலை மட்டும் விட்டுவிட்டு மற்றதை நிறுத்தலாம் என்ற எண்ணத்தில் வைத்த பெயர். சாதாரண நாட்களில் டெல்நெட் (தொலைவிலிருந்து உள்நுழைவது), எஃப்டிபி (கோப்பு அனுப்புவது) எல்லாமே அதன் வழியாகப் போய்வந்தன. பிபிஎன் நிறுவனம் செய்து கொடுத்தவை. முதலில் எல்எஸ்ஐ-11 என்ற சின்னக் கணினியில் ஓடின. வலைகள் பெருகியதும் அதற்குத் தாங்கவில்லை, பட்டர்ஃபிளை என்ற பெரிய இயந்திரத்துக்கு மாற்றினார்கள்.

இந்த வாசல்கள் வெளி வலைகளோடு பேசிய மொழி இஜிபி. 1982-இல் எரிக் ரோசன் எழுதி, 1984-இல் டேவ் மில்ஸ் முறைப்படுத்தியது. "இந்த இந்த வலைகளை என் வழியாக அடையலாம்" என்று ஒரு பட்டியல் சொல்லும், அவ்வளவுதான். தூரத்துக்கு 0 முதல் 255 வரை ஓர் எண் உண்டு. ஆனால் நான் சொல்லும் 3-ம் நீங்கள் சொல்லும் 3-ம் ஒரே அளவு என்று எந்த விதியும் இல்லை. இரண்டு வாசல் வழியாக ஒரே வலை தெரிந்தால் எது கிட்டே என்று அந்த எண்ணை வைத்து நம்பி முடிவெடுக்க முடியாது. இன்னொரு தொல்லை: முழுப் பட்டியலும் ஒரே செய்தியில் போக வேண்டும். அர்பாநெட்டில் ஒரு பாக்கெட் ஏறக்குறைய 1000 பைட்தான் கொள்ளும். பட்டியல் வளர வளர அது துண்டு துண்டாகப் போகும். ஒரு துண்டு தொலைந்தால் பட்டியல் முழுவதும் வீண்.

இப்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். 1989. எங்கள் வளாகத்துக்கு அப்போது இரண்டு கால்கள். ஒன்று பழைய அர்பாநெட் இணைப்பு, 56 கேபிபிஎஸ். மற்றொன்று வட்டார வலை வழியாக என்எஸ்எஃப்நெட்டுக்கு. அதன் முதுகெலும்பு முந்தைய ஆண்டுதான் 1.5 எம்பிபிஎஸ் வேகத்துக்கு ஏறியிருந்தது. எங்கள் பேராசிரியர் ஒருவர் கடல்நீர் வெப்பநிலையை ஆராய்பவர். மில்நெட்டில் இருந்த ஓர் ஆய்வுக்கூடத்திலிருந்து அவருக்குக் கோப்புகள் வரும். இங்கிருந்து அனுப்பினால் விறுவிறு என்று போகும். அங்கிருந்து வருவது மட்டும் ராத்திரி முழுக்க ஊர்ந்து, விடியும்போது பாதியில் அறுந்திருக்கும். காலையில் அவர் என் மேசை முன்னால் வந்து நிற்பார். கோபப்பட மாட்டார். "இன்றைக்கும் வரவில்லையப்பா" என்று மட்டும் சொல்வார்.

ஒரு வாரம் எங்கள் ரூட்டிங் அட்டவணையையே பார்த்தேன். 26-க்குப் போகும் வழி என்எஸ்எஃப்நெட் பக்கம் சரியாகத்தான் இருந்தது. பாக்கெட் போகும் வழியை ஒவ்வொரு ரூட்டராகக் காட்டும், வான் ஜேக்கப்சன் எழுதிய டிரேஸ்ரூட் அப்போதுதான் புதிதாக வந்திருந்தது. அதை ஓட்டினாலும் வழி சுத்தம். பிறகுதான் உறைத்தது: நான் பார்த்ததெல்லாம் போகும் வழி. வரும் வழி எங்கள் அட்டவணையில் இருக்காது. மறுபக்கத்து வாசல் எங்களைப் பற்றி என்ன நம்புகிறதோ, அதுதான் வரும் வழி.

அந்த ஆய்வுக்கூடத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டேன். அங்கிருந்தவரை எங்கள் முகவரியை நோக்கி டிரேஸ்ரூட் ஓட்டச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியாகப் படித்தார், நான் தாளில் எழுதிக்கொண்டே வந்தேன். நாலாவது வரி 10 என்று தொடங்கியது. அர்பாநெட். எங்கள் பழைய கேட்வே யாரும் கவனிக்காமல் "இந்த வளாகம் என் வழியாக" என்று இஜிபியில் இன்னும் சொல்லிக்கொண்டே இருந்தது. மெயில்பிரிட்ஜும் அதை நம்பி, கோப்பு முழுவதையும் 56 கேபிபிஎஸ் கம்பியில் திணித்துக்கொண்டிருந்தது. அன்று மாலை அந்த அறிவிப்பை நிறுத்தினோம். சில நிமிடத்தில் வரும் வழி மாறிவிட்டது. மில்நெட் பக்கம் யாரும் ஒரு வரிகூடத் திருத்தவில்லை. நாங்கள் சொல்வதை நிறுத்தினோம், அவர்கள் அனுப்பும் பாதை மாறியது.

தம்பி, 2021-இல் நடந்தது இதே கதைதான், திசை மட்டும் வேறு. உங்கள் பக்கம் யாரும் எதையும் மாற்றவில்லை. அவர்கள் பேச ஆரம்பித்தார்கள், உங்கள் பாக்கெட் கிளம்பிவிட்டது.

இன்னொன்று. நீங்கள் வீட்டிலும் அலுவலகத்திலும் போடும் 10.x எல்லாம் அந்தப் பழைய அர்பாநெட்டின் எண்தான். 1990-இல் அர்பாநெட்டை மூடினார்கள், எண் காலியானது. 1994 மார்ச்சில் ஆர்எஃப்சி 1597 அதைத் தனியார் உள்வலைகளுக்கு என்று ஒதுக்கியது. 1996-இல் வந்த ஆர்எஃப்சி 1918 அதையே உறுதி செய்தது. 11-ஐ யாரும் அப்படி விட்டுக் கொடுக்கவில்லை. பக்கத்து எண் என்பதால் பொது எண் ஆகிவிடாது.

---

இரவுப்பணி

ஐயா, இப்படி உட்கார்ந்து எழுதிச் சொன்னதற்கு மிக்க நன்றி. மூன்று முறை படித்தேன். வரும் வழி நம் அட்டவணையில் இருக்காது என்ற இடத்தில்தான் எனக்கு விளங்கியது.

எல்லை_ரூட்டர் சார், நல் ரூட் போட்டுச் சோதித்தேன். பாக்கெட் வெளியே போவது நின்றுவிட்டது. ஆனால் இன்னும் 127 விநாடி அப்படியேதான் இருக்கிறது. எங்கே தவறு?

ஐயாவிடம் ஒன்று கேட்க வேண்டும். நெருக்கடியில் மெயில்பிரிட்ஜை மூடலாம் என்றீர்களே, உண்மையில் எப்போதாவது மூடினார்களா?

---

எல்லை_ரூட்டர்

நான் ஒரு வார்த்தை விட்டுவிட்டேன். நல் ரூட் பாக்கெட்டைச் சத்தமில்லாமல் விழுங்கினால், கடைப் பெட்டிக்கு அதுவும் ராணுவ வலையும் ஒன்றுதான். இரண்டிலிருந்தும் பதில் வராது. ரூட்டர் "எட்டவில்லை" என்று ஐசிஎம்பி செய்தி (வலையின் பிழை அறிவிப்பு) திருப்பி அனுப்ப வேண்டும். அது கிடைத்தால் லினக்ஸ் அந்த இணைப்பை அங்கேயே கைவிட்டுவிடும். பாதுகாப்புக்காக ரூட்டரை இறுக்கும்போது நிறைய பேர் அந்த ஐசிஎம்பியை அணைத்துவிடுவார்கள். உங்கள் நல் இன்டர்ஃபேஸில் அது அணைந்திருக்கிறதா பாருங்கள். உள்பக்கத்துக்கு மட்டும், அளவு கட்டுப்பாட்டோடு திறந்துவிடுங்கள்.

---

கோபுரவிளக்கு

எனக்கு இதில் ஒரு நெருடல். ஆட்சி மாறும் நாள், பெயர் தெரியாத நிறுவனம், 17.5 கோடி முகவரி. இது முன்னோட்டம் என்று சொன்னால் நாம் நம்பிவிட வேண்டுமா? நம் தரவையெல்லாம் எடுத்திருக்க மாட்டார்களா?

---

பழைய_வயர்

மூடினார்கள் தம்பி. நான் அங்கே இருந்தபோதே மூடினார்கள். 1988 நவம்பர் 2 மாலை மோரிஸ் புழு பரவ ஆரம்பித்தது. பிஎஸ்டி யூனிக்ஸ் ஓடும் வாக்ஸ், சன்-3 இயந்திரங்களில் சென்ட்மெயில், ஃபிங்கர் சேவை ஆகியவற்றின் ஓட்டைகள் வழியாக நுழைந்தது. மறுநாள் காலை நான் மையத்துக்குப் போனபோது எங்கள் வாக்ஸில் ஒரு கட்டளை அடித்தால் அரை நிமிடம் கழித்துத்தான் எழுத்து வரும். அன்று நண்பகலுக்குச் சற்று முன் ராணுவத் தகவல்தொடர்பு முகமை அர்பாநெட்டுக்கும் மில்நெட்டுக்கும் நடுவிலிருந்த மெயில்பிரிட்ஜ்களை நிறுத்திவிட்டது. மறுநாள்தான் திறந்தார்கள்.

அன்று நான் பார்த்த ஒரு விஷயத்தை இன்றைக்கும் புதிதாக வேலைக்கு வருகிறவர்களிடம் சொல்வேன். பெர்க்லியில் இருந்தவர்கள் இரவோடு இரவாக ஓட்டையை அடைக்கும் திருத்தத்தை எழுதி மின்னஞ்சலில் அனுப்பினார்கள். ஆனால் பயந்து இணைப்பை அறுத்துக்கொண்டவர்களுக்கு அந்த மின்னஞ்சல் போய்ச் சேரவில்லை. மில்நெட் பக்கத்து நண்பர் ஒருவர் எங்களைத் தொலைபேசியில் கூப்பிட்டு, திருத்தத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லி எழுதிக்கொண்டார். மின்னஞ்சல் மட்டும் போகட்டும் என்று பெயர் வைத்த வாசலில், வேண்டிய நாளில் மின்னஞ்சலும் போகவில்லை. எனக்கு அது இன்றும் மனவருத்தம். மூடியது தவறு என்று சொல்லவில்லை. உள்ளே புழு வராமல் காப்பது அவர்கள் கடமை. ஆனால் மூடுவதற்கு முன், திருத்தம் எந்த வழியாக வரும் என்று யோசித்திருக்க வேண்டும்.

கோபுரவிளக்கு கேட்டதற்கு: அவர்கள் மனத்துக்குள் என்ன இருந்தது என்று இங்கே உட்கார்ந்து ஆராய்வதைவிட, நாம் என்ன அனுப்பினோம் என்று பார்ப்பது பயனுள்ளது. அந்த எண் அவர்களுடையது, அதை அறிவிக்க அவர்களுக்கு உரிமை உண்டு. உள்ளே வந்து யாரும் எடுக்கவில்லை, நாமே வெளியே அனுப்பினோம். டிசிபியில் முதல் பாக்கெட்டுக்குள் பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. கைகுலுக்கல் முடியாமல் தரவு போகாது. யுடிபி அப்படி இல்லை, அதில் கைகுலுக்கலே கிடையாது. முதல் பாக்கெட்டிலேயே சரக்கு இருக்கும். தம்பி, உங்கள் கடைகளிலிருந்து சிஸ்லாக் (ரூட்டரின் பதிவுச் செய்திகள்), எஸ்என்எம்பி (கருவிகளைக் கண்காணிக்கும் நெறிமுறை) எதுவும் 11.20-க்குப் போகிறதா?

---

எல்லை_ரூட்டர்

ஐயா கேட்ட கேள்வியை முதலில் பாருங்கள், பில்லிங் வேகத்தைப் பிறகு பார்க்கலாம். எஸ்என்எம்பி பழைய பதிப்பில் கடவுச்சொல்லுக்குப் பதிலாக வரும் சொல் மூடாக்கு இல்லாமல் அப்படியே போகும்.

---

இரவுப்பணி

பார்த்துவிட்டேன். கை நடுங்கியது.

கடை ரூட்டர் ஒவ்வொன்றும் 11.20.4.x-இல் உள்ள பதிவு சர்வருக்கு யுடிபியில் சிஸ்லாக் அனுப்புகிறது. போன வாரம் டன்னல் அறுந்திருந்த 40 நிமிடமும் அந்தச் செய்திகள் இணையம் வழியாக வெளியே போயிருக்கின்றன. உள்நுழைந்தவர்களின் பயனர் பெயர், ரூட்டர் பெயர், இன்டர்ஃபேஸ் விவரம் எல்லாம் திறந்த எழுத்தில். எஸ்என்எம்பியில் கேள்விகள் சர்வர் பக்கமிருந்து வருவதால் அவை டன்னல் அறுந்ததும் நின்றுவிட்டன. ஆனால் கடை ரூட்டர்கள் தாமாக அனுப்பும் டிராப் செய்திகள் போயிருக்கின்றன, பழைய பதிப்பில், அந்தச் சொல்லோடு சேர்த்து.

இதுவரை செய்தவை: அந்தச் சொல்லை எல்லாக் கடைகளிலும் மாற்றியாகிவிட்டது. இணையப் பக்கத்து இன்டர்ஃபேஸில் 11.0.0.0/8-க்கும் ஆர்எஃப்சி 1918 உள்வலைகளுக்கு ஒதுக்கிய மூன்று தொகுதிகளுக்கும் வெளியேறும் வடிகட்டி போட்டேன். நல் இன்டர்ஃபேஸில் ஐசிஎம்பி உண்மையிலேயே அணைந்துதான் இருந்தது. திறந்துவிட்டு, ஒரு கடையில் டன்னலை நானே அறுத்துச் சோதித்தேன். பில் ஒரு விநாடிக்குள் மாற்று சர்வருக்குப் போனது. நடந்ததை மேலாளரிடம் எழுத்தில் கொடுத்திருக்கிறேன். 11.20-ஐ 10.212-க்கு மாற்ற அடுத்த மாதம் இரண்டு ஞாயிறு ராத்திரிகள் கேட்டிருக்கிறேன். மோதல் இல்லாத தொகுதி அது ஒன்றுதான் மிஞ்சியிருக்கிறது.

ஐயா, ஒரு சந்தேகம். முகவரி மாற்றும் ராத்திரி, புதிய ரூட்டை முதலில் அறிவிப்பதா, பழையதை முதலில் எடுப்பதா?

---

பழைய_வயர்

புதியதை முதலில் அறிவியுங்கள். அது எல்லாக் கடைகளிலும் தெரிகிறதா என்று கடைப் பக்கமிருந்து பாருங்கள், தலைமை அலுவலகத்திலிருந்து அல்ல. சர்வருக்கு இரண்டு முகவரியும் கொஞ்ச நாள் இருக்கட்டும். பழையதில் பாக்கெட் வருவது நின்ற பிறகு எடுங்கள். அந்த இரண்டு ராத்திரியும் ஒவ்வொரு கடையிலும் தொலைபேசி எடுக்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். டிரேஸ்ரூட்டை அங்கிருந்து ஓட்டி, வரி வரியாக உங்களுக்குப் படிக்கச் சொல்லுங்கள்.